கடையில் கற்ற பதினோராம் அதிகாரம்

நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். மாதத்தின் நாள்களோடு ஒத்துப்போவதால் தேதிக்கு ஓர் அதிகாரம் வாசிக்கும் பழக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. இரவு கடையை அடைத்துவிட்டு அப்பா வந்ததும் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, பிறகு அன்றைய தேதிக்குரிய அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து எனக்கும் முறை வந்தது. தூக்கக் கலக்கத்தில் தம்பி வரி தவறினால் அம்மா விரல் வைத்துக் காட்டுவாள்.

அந்தப் புத்தகம் சோம்பேறியைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறது. அடுத்தவனுக்கு ஜாமீன் நிற்பதைப் பற்றிக்கூடப் பேசுகிறது. ஆனால் அது திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் வாய்தான். நாவு, உதடு, பேச்சு என்று ஏதோ ஒரு பெயரில் அநேகமாக எல்லா நாளும் அது எங்கள் முன்னால் வரும்.

11ஆம் தேதி மட்டும் அப்பா வழக்கத்தைவிட நிதானமாக வாசிப்பார். அந்த அதிகாரம் கள்ளத் தராசில் தொடங்குகிறது. ஒன்பதாம் வசனத்தில் வாயினால் அயலானைக் கெடுக்கிறவன் வருகிறான். பன்னிரண்டில் அடுத்தவனை இகழ்கிறவன், பதின்மூன்றில் நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்கிறவன், இருபத்தாறில் தானியத்தை விற்காமல் பதுக்குகிறவன். “இது நம்ம கடை அதிகாரம்” என்பார் அப்பா. தராசும் வாயும் ஒரே அதிகாரத்துக்குள் ஏன் வருகின்றன என்று அன்று நான் கேட்டதில்லை. பின்னால் வாழ்க்கையே அதற்குப் பதில் சொன்னது. எடையில் ஏமாற்றுகிறவரும் யோசிக்காமல் பேசுகிறவரும் அடுத்தவருக்குச் சேர வேண்டியதைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஒருவர் அரிசியில் குறைக்கிறார், இன்னொருவர் உண்மையில் குறைக்கிறார். வேதத்தில் இரண்டும் ஒரே வகைக் குற்றம்.

எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரம். செம்மணலும் பனையும்தான் ஊரின் சொத்து. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிவதற்கு முன்னால் நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான். அப்பாவுடையது பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பேன்.

கடையில் தொங்கியது தட்டுத் தராசு. தினமும் காலையில் அப்பா முதலில் செய்யும் வேலை, இரண்டு தட்டுகளையும் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்துத் துடைப்பது. தட்டுக்கு அடியில் ஒரு நெல்லிக்காய் அளவு புளியை ஒட்டிவைத்து எடையைத் திருடுகிற வித்தை அந்தக் காலத்தில் சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். தன் தராசில் புளி இருக்காது என்று தெரிந்தும் அப்பா வாடிக்கையாளர் கண்முன் கவிழ்த்துக் காட்டுவார். இரும்புப் படிக்கற்களின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி, எடை சரிபார்த்து, அந்த ஈயத்தின்மேல் அரசாங்க முத்திரை அடித்திருப்பார்கள். கல் தேய்ந்தால் எடை குறையும். முத்திரை போடும் காலம் வரும்போது எல்லாக் கற்களையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு அப்பா முத்திரை ஆய்வாளரிடம் போவார். ஐம்பது கிராம் கல் ஒன்று கீழே விழுந்து ஓரம் சிதைந்தபோது, ஆய்வாளர் வரும்வரை காத்திருக்காமல் அன்றே அதைத் தூக்கிப் போட்டார்.

பழைய ஏற்பாட்டுக் காலத்து வியாபாரிகள் படிக்கற்களைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவர்கள். வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல் என்று இரண்டு வகை வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் 25ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. அளவைச் சுருக்கி விலையைக் கூட்டுகிறவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி பெயர் சொல்லாமல் தெருவில் நிறுத்துகிறார். பையிலுள்ள கற்களெல்லாம் கர்த்தருடைய காரியம் என்ற கருத்து நீதிமொழிகள் 16இல் வருகிறது. கோவிலுக்குள் மட்டும் நடக்கிற பக்தியை அந்தப் புத்தகம் அறியவே இல்லை. ஒரு கிராம் துவரம்பருப்பில் கடவுளுக்கு அக்கறை உண்டு என்று நம்புகிற பக்தி அது.

அப்பாவுக்கு உண்மையான சோதனை வந்தது கருப்பட்டியில். பங்குனியில் பாளை விட ஆரம்பித்தால் ஆவணிவரை பதநீர் வடியும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைப் பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் விடிகாலையிலிருந்து காய்ச்சுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. அடுப்புச் சூட்டிலும் ஓலைப் புகையிலும் அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் கருப்பட்டி விலையைப் பற்றிப் பேரம் பேச மாட்டார்கள். சீனி மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு அதைக் கரைத்துப் பாகில் சேர்க்கிற வழக்கம் வந்தது. பாதிப் பதநீரில் முழு வியாபாரம்.

அப்படி ஒரு சிப்பத்தை வெளியூர் வியாபாரி ஒருவர் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா ஒரு வட்டை எடுத்துப் படிக்கல்லால் தட்டி உடைத்தார். நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாக, பழுப்பும் கறுப்புமாக இருக்கும். இது வெளிச்சத்தில் பளபளத்தது. அப்பா ஒரு துண்டை என் கையில் வைத்து வாயில் போடச் சொன்னார். இனிப்பு இருந்தது. பனையின் மணமும், தொண்டையில் நிற்கிற அந்த லேசான கரிப்பும் இல்லை.

“அண்ணாச்சி, எல்லாக் கடையிலயும் இதான் போகுது. கேக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது” என்றார் வந்தவர்.

“கேக்கிறவங்களுக்குத் தெரியாதுங்கிறதுனாலதான் நான் சொல்லணும். நான் சொல்லணும்னா இத வாங்க முடியாது” என்றார் அப்பா.

வந்தவர் சிப்பத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். அந்த வருடம் எங்கள் கடையில் கருப்பட்டி குறைவாகத்தான் இருந்தது. சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டி கேட்டு வந்து வெறுங்கையோடு போனவர்களும் உண்டு. அப்பாவின் அந்தப் பதிலில் வஞ்சகத்தைப் பற்றிய முழுப் பாடமும் இருந்தது. எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்ற இடத்தில்தான் ஏமாற்று பிறக்கிறது. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்றால், அந்த அளவுக்கு நம் பொறுப்பு கூடுகிறது.

ஏமாற்று கடைக்காரர் பக்கம் மட்டும் இருக்கும் என்று வேதம் சொல்லவில்லை. வாங்கும்போது சரக்கு மட்டம், மட்டம் என்று குறை சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் அப்படியே படம்பிடிக்கிறது. பனையேறியிடம் கருப்பட்டி எடுக்கும்போது அப்பா சரக்கைக் குறை சொல்ல மாட்டார். “நல்ல சரக்கு. என்னால இவ்வளவுதான் கொடுக்க முடியும்” என்பார். இரண்டு வாக்கியமும் உண்மை. பேரம் அதில் முடிந்துவிடும். கோவில் அசனத்துக்கு அரிசி தருவதாக ஒரு விலை சொன்ன பிறகு சந்தையில் விலை ஏறிவிட்டது. சபைப் பெரியவர்களே கூட்டித் தர முன்வந்தும் அப்பா சொன்ன விலைக்கே அளந்தார். தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கில் நிற்கிறவனைப் பற்றி 15ஆம் சங்கீதம் பேசுகிறது. அந்தச் சங்கீதத்தை அப்பா மனப்பாடமாகச் சொல்வார். அதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். அந்த அரிசி விலையை வைத்துத்தான் எனக்கு அது புரிந்தது.

கல்யாணமாகி வெளியூரில் ஆசிரியை வேலைக்குப் போன பிறகு, பொய் எவ்வளவு சின்ன உருவத்தில் வீட்டுக்குள் நுழைகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். கதவு தட்டப்படும்போது “அப்பா இல்லைன்னு சொல்லு” என்று பிள்ளையை அனுப்புகிறோம். மறுநாள் அதே பிள்ளை வீட்டுப்பாட நோட்டு தொலைந்துவிட்டது என்று நம்மிடம் சொன்னால் அடிக்கிறோம். வரப்போவதில்லை என்று தெரிந்தே “கண்டிப்பா வாரோம்” என்கிறோம். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, தன் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறவரிடம் “உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கும்போதே மறந்துவிடுகிறோம். விசுவாசிகளுக்குள் மிக அதிகமாகப் புழங்குகிற பொய் இதுவாகத்தான் இருக்கும். என் அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லவே மாட்டாள். “வா, இப்பவே ஜெபிச்சிருவோம்” என்று அங்கேயே அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வாள். உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லையென்றும் சொன்னால் போதும், அதற்குமேல் சத்தியம் செய்ய வேண்டாம் என்ற மலைப்பிரசங்கத்தின் போதனைக்கு அம்மா கண்டுபிடித்த வழி அது.

சின்னப் பொய் சின்னதாகவே நிற்பதில்லை என்பதற்கு யாக்கோபின் வாழ்க்கையே சாட்சி. ஆதியாகமம் 27இல் பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்ற வெள்ளாட்டுக்குட்டியின் தோலைக் கையில் கட்டிக்கொண்டு போனான். அடுத்த அதிகாரத்தில் ஊரைவிட்டுப் போகிறான். போன இடத்தில் மாமன் லாபான் மணவறையிலேயே பெண்ணை மாற்றி வைத்து அவனை ஏமாற்றுகிறான். வயதான காலத்தில் 37ஆம் அதிகாரம் வருகிறது. சொந்தப் பிள்ளைகள் யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்து அவன் முன்னால் நீட்டுகிறார்கள். தகப்பனை ஏமாற்றியதும் ஆடு, தகப்பனாக ஏமாந்ததும் ஆடு. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நான் விளக்க வேண்டியதே இல்லை.

வஞ்சகத்தை யாரும் வெளிப்படையாக ஆதரிக்க மாட்டார்கள். கவனமில்லாத பேச்சுக்கு மட்டும் எல்லாரும் சலுகை தருகிறோம். “வாய் தவறிச் சொல்லிட்டேன்”, “மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல”, “சும்மா விளையாட்டுக்கு” என்று எத்தனை சமாதானம்! அந்தச் சலுகை எவ்வளவு ஆபத்தானது என்று நான் நேரில் பார்த்தது ஊர்க் கோவிலின் அசனத்துக்கு முந்தின இரவில்.

எங்கள் பக்கத்தில் கோவில் பிரதிஷ்டைப் பண்டிகையோடு அசனம் நடக்கும். ஊர் முழுக்க ஒரே பந்தியில் சாப்பிடுகிற விருந்து. முந்தின நாள் இரவு கோவில் வளாகத்தில் பாய் விரித்துப் பெண்கள் வரிசையாக அரிவாள்மணையோடு உட்காருவார்கள். கத்தரிக்காய் ஒரு பக்கம் குவியும், வெங்காயம் ஒரு பக்கம். கை வேலையில் இருக்கும்போது வாய் சும்மா இருக்காது. கல்லூரிப் படிப்பு முடிந்து விடுமுறைக்கு வந்திருந்த நானும் அந்த வரிசையில் இருந்தேன்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குப் பக்கத்து ஊரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அந்த மாப்பிள்ளையின் உறவுக்காரப் பெண் ஒருவர் பண்டிகைக்கு வந்து எங்கள் எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பேச்சு அந்தப் பெண்ணைப் பற்றித் திரும்பியது. தெருவிலேயே மூத்த பாட்டி ஒருத்தி, அவள்மேல் உள்ள பிரியத்தில், தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: “தங்கமான பிள்ளை. பாவம், போன வருசம் மாசக்கணக்கா பெரிய ஆஸ்பத்திரியில கெடந்துச்சு.”

எதிரில் வெங்காயம் உரித்த கை நின்றது. ஒரு கணம்தான். பிறகு வேலை தொடர்ந்தது. யாரோ விறகு கேட்டுக் கூப்பிட, பாட்டி எழுந்து போய்விட்டாள். பேச்சு வேறு பக்கம் போனது.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்மை. தன் தாய்க்கு அறுவை சிகிச்சை நடந்தபோது துணைக்கு இருந்தாள். வராந்தாவில் பாய் போட்டுப் படுத்து, தாயை எழுப்பி நடக்கவைத்து, உடம்பு தேறிய பிறகே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவளுடைய நற்குணத்துக்குச் சாட்சியாகச் சொல்லவந்ததை, பாட்டி பாதியில் விட்டுவிட்டாள். மீதியைக் கேட்டவர் தானே நிரப்பிக்கொண்டார்.

சில நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. “ஜெபத்துல எங்களுக்குச் சம்மதம் கிடைக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரே பதிலில் தீர்ந்திருக்கும். அதை மறைக்க ஆண்டவர் பெயரை இழுத்துக்கொண்டார்கள். கவனமில்லாத ஒரு பேச்சு போய், தெரிந்தே சொன்ன ஒரு பொய்யாகத் திரும்பி வந்தது. உண்மைக் காரணம் கசிந்து எங்களுக்குத் தெரியவந்தபோது அந்த வீட்டில் வேறு இடத்தில் நிச்சயம் முடிந்திருந்தது.

அந்தப் பெண் என் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “பெரியம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.” முழுவதும் கேட்பதற்கு முன்னால் முடிவு சொல்வது மடமையும் வெட்கமும் என்று நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம் சொல்வதைத்தான் அவள் தன் கண்ணீரில் சொன்னாள். பிறகு அவளுக்கு நல்ல இடத்தில் திருமணம் நடந்தது. ஆனால் இடைப்பட்ட வருடங்களில் அவள் காதுபட நடந்த விசாரிப்புகளை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது முதலில் கோபப்பட்டாள். “நான் என்ன பொய்யா சொன்னேன்? ஆஸ்பத்திரியில இருந்தாளா இல்லியா?”

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வேத புத்தகத்தை எடுத்துத் தோவேக்கின் கதையைப் பாட்டிக்கு வாசித்தாள். 1 சாமுவேல் 21, 22ஆம் அதிகாரங்கள். சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது நோபு ஊருக்கு வந்து, ராஜாவின் வேலையாக வந்ததாகச் சொல்லி ஆசாரியனிடம் அப்பமும் பட்டயமும் வாங்கிக்கொண்டு போகிறான். அதைச் சவுலின் ஆளான தோவேக்கு பார்க்கிறான். பிறகு சவுலிடம், ஆசாரியன் தாவீதுக்கு உதவி செய்தான் என்கிறான். சொன்னதெல்லாம் கண்ணால் கண்டதுதான். தாவீது தப்பி ஓடுகிறான் என்பது ஆசாரியனுக்குத் தெரியாது என்ற மீதியை மட்டும் விட்டுவிட்டான். அன்று செத்துப்போன ஆசாரியர்கள் 85 பேர். தோவேக்கின் நெஞ்சில் விஷம் இருந்தது, பாட்டியின் நெஞ்சில் பிரியம் இருந்தது. ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது இரண்டு இடத்திலும் பாதி உண்மைதான்.

கேலிப் பேச்சும் இதில் சேர்ந்ததே. நான் வேலைபார்த்த பள்ளியில் ஒரு மாணவன், கூடப் படித்தவனிடம் “உங்க அப்பா பைக்ல விழுந்துட்டாராம்” என்று சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளை பையைக்கூட எடுக்காமல் அழுதுகொண்டே வீட்டைப் பார்த்து ஓடினான். பின்னால் ஆள் அனுப்பிப் பிடித்துவந்தோம். சொன்னவனைக் கேட்டால், “சும்மா சொன்னேன் டீச்சர்.” அயலானை ஏமாற்றிவிட்டு விளையாட்டுக்குச் செய்தேன் என்கிறவனை, கொள்ளியையும் அம்பையும் எறிகிற பைத்தியக்காரனோடு சேர்க்கிறது நீதிமொழிகள் 26. எறிந்தவன் சிரிப்பதால் கொள்ளி சுடாமல் இருந்துவிடாது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதே ஞானமா? சில சமயம் ஆம். அதே 26ஆம் அதிகாரத்தில், விறகு இல்லாமல் நெருப்பு அவிவதைப் போல் கோள் சொல்கிறவன் இல்லாவிட்டால் சண்டை அடங்கும் என்ற கருத்து இருக்கிறது. அப்பாவின் பற்று நோட்டில் ஊரின் பாதி ரகசியம் இருந்தது. யார் எவ்வளவு பாக்கி, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அம்மாவிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. அந்த நோட்டு பூட்டிய மேசையில்தான் இருக்கும்.

ஆனால் மௌனமே ஏமாற்றாக மாறுகிற இடமும் உண்டு. கண்டதையும் அறிந்ததையும் சொல்ல வேண்டிய சாட்சி சொல்லாமல் இருந்தால் அவன்மேல் குற்றம் வரும் என்று லேவியராகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. தெரிந்த வீட்டுப் பையன் ஒருவனைப் பற்றிப் பெண் வீட்டார் அப்பாவிடம் விசாரிக்க வந்தார்கள். அவனுக்குக் குடிப்பழக்கம் இருந்தது அப்பாவுக்குத் தெரியும். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டு, அன்று இரவே பையனின் தகப்பனாரைத் தனியாகப் பார்க்கப் போனார். “என்கிட்ட வந்து கேக்கிறாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்களே போய் உள்ளதைச் சொல்லிருங்க. அதான் பிள்ளைக்கும் நல்லது.” அவர் போய்ச் சொன்னார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பையனைத் தகப்பனார் சிகிச்சைக்குக் கூட்டிப்போனார். கடைசிவரை அந்த இரண்டு வீடும் எங்கள் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்ற இயேசுவின் சொல்லை, மத்தேயு 18இல் இருப்பதை, அப்பா அப்படிப் புரிந்துவைத்திருந்தார். பாட்டி பேசிய உண்மைக்கும் அப்பா பேசவைத்த உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அப்பா முழுவதையும் அறிந்திருந்தார். யாரிடம், எப்போது, யார் வாயால் என்பதையும் யோசித்தார். அதனால் தனக்கு வரக்கூடிய கெட்ட பெயரையும் தாங்கத் தயாராக இருந்தார். அன்போடு உண்மையைப் பேசுவது என்று பவுல் எபேசியருக்கு எழுதினது அவ்வளவு உழைப்பு கேட்கிற காரியம்.

இன்று ஊரின் அரிவாள்மணை வரிசை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, சபைக்கு ஒன்று, கூடப் படித்தவர்களுக்கு ஒன்று. எங்கோ ஒரு போதகரைப் பற்றி, ஒரு மருத்துவமனையைப் பற்றி, ஒரு பெண்ணைப் பற்றி யாரோ எழுதியது வருகிறது. கீழே ‘எல்லாருக்கும் அனுப்பவும்’ என்றிருக்கும். அனுப்புகிறவர் எழுதவில்லை, எழுதியவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் ஒரு மனிதரின் பெயர் கெட்டுப்போய்விடுகிறது. இப்படி ஒன்று வரும்போது எனக்கு நினைவுக்கு வருகிறவன் சவுலின் பேரன் மேவிபோசேத். 2 சாமுவேல் 16இல் அவனுடைய வேலைக்காரன் சீபா வந்து, தன் எஜமான் ராஜ்யத்துக்கு ஆசைப்படுவதாகத் தாவீதிடம் சொல்கிறான். கழுதைகளும் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தவன் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று தாவீது நினைத்து, அந்த நிமிடமே மேவிபோசேத்தின் சொத்தையெல்லாம் அவனுக்குக் கொடுத்துவிடுகிறான். 19ஆம் அதிகாரத்தில் மேவிபோசேத் நேரில் வந்து, கால் முடமான தன்னைச் சீபா விட்டுவிட்டு வந்து பழி சொன்னதை விளக்குகிறான். அப்போதும் தாவீது நிலத்தை இருவருக்கும் பங்கிடத்தான் சொல்கிறான். சங்கீதம் பாடிய ராஜாவுக்கே ஒரு பக்கம் கேட்டு முடிவெடுத்தால் நியாயம் தவறுகிறது. வழக்கை முதலில் சொல்கிறவன் சொல்வது சரியாகவே தோன்றும், எதிராளி வந்து விசாரிக்கும்வரை, என்பதும் நீதிமொழிகள் 18தான்.

அதனால் எங்கள் வீட்டில் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம். ஒருவரைப் பற்றிய செய்தி அவர் பெயரோடு வந்தால், அவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்கிற வசதி இல்லையென்றால் அது என் கைப்பேசியைத் தாண்டிப் போகாது. அனுப்பியவர் உறவாக இருந்தால் குழுவில் கண்டித்து எழுதாமல் தனியாகக் கூப்பிட்டு, “இது எங்கேருந்து வந்தது மதினி?” என்று கேட்பேன். பெரும்பாலும் அந்தக் கேள்வியே போதுமானதாக இருக்கும். பேரப்பிள்ளை போனை எடுத்தால், “பாட்டி இருக்காங்க, இப்போ பேச முடியாதாம்” என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். அப்படிச் சொல்வதில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கேட்க வேகமும் பேசத் தாமதமும் வேண்டும் என்று யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் எழுதியது, இப்படிச் சின்னச் சின்ன வழக்கங்களாக மாறினால்தான் வாழ்க்கைக்குள் வரும்.

எல்லாவற்றிலும் கடினம், ஏற்கெனவே சொல்லிவிட்டதைச் சரிசெய்வது. லூக்கா 19இல் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொல்கிறான். பணத்துக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு. வார்த்தைக்கு, அது போன இடத்துக்கெல்லாம் நாமும் போவதைத் தவிர வேறு வழியில்லை. தோவேக்கின் கதையைக் கேட்ட அந்தப் பாட்டி அதைத்தான் செய்தாள். அத்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மாப்பிள்ளையின் ஊருக்குப் போனாள். அன்று எதிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, தான் சொல்லாமல் விட்ட மீதியைச் சொன்னாள். முறிந்த சம்பந்தம் ஒட்டாது என்று தெரிந்தே போனாள். பிறகு எங்கள் தெருவில், அன்று வரிசையில் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், “அது தாயைப் பாக்கப் போன பிள்ளை, நோயாளியில்ல” என்று சொல்லிவிட்டு வந்தாள். பின்னால் அந்தப் பெண்ணுக்கு அமைந்த நல்ல சம்பந்தம், அந்த வீடுகளில் ஒன்றின் வழியாகத்தான் வந்தது.

வீணாகப் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் கணக்கு கேட்கப்படும் என்று இயேசு சொன்னதை, மத்தேயு 12இல் இருப்பதை, இளவயதில் மிரட்டலாகத்தான் கேட்டேன். இப்போது அதில் ஒரு மதிப்பையும் கேட்கிறேன். நம் வார்த்தைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று கடவுள் நம்மை நம்புகிறார். கெடுக்கிற பலம் அதற்கு இருக்கிறதென்றால் சரிசெய்கிற பலமும் இருக்கிறது. யாரைப் பற்றியாவது நாம் பாதியாகச் சொன்ன ஒன்று இன்னும் ஊரில் நடமாடிக்கொண்டிருந்தால், அதைக் கேட்டவர் இன்னும் உயிரோடு இருந்தால், போய் மீதியைச் சொல்லிவிடலாம். எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி வெயிலில் பஸ் ஏறிப் போனாள். நமக்குப் பெரும்பாலும் ஒரு போன் போட்டாலே போதும்.